மண்ணூர்பேட்டையில் நின்றுபோன மோட்டார்

போன வாரம், நிலையத்தில் இப்போது வேலை பார்க்கும் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு தாள் அனுப்பியிருந்தார். படகு மோட்டார் கிளம்பாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பதினான்கு வரி. பெட்ரோல் இருக்கிறதா, கியர் நியூட்ரலில் நிற்கிறதா, பாதுகாப்புக் கயிறு மாட்டியிருக்கிறதா, பிளக் காய்ந்திருக்கிறதா, இப்படியே போகிறது. 'சார், ஏதாவது விட்டுப்போயிருந்தால் சேர்த்துக் கொடுங்கள்' என்று கீழே ஒரு குறிப்பு. இரண்டு முறை படித்தேன். எதுவும் விட்டுப்போகவில்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் வந்தது.

இந்தப் பதினான்கும் எனக்கும் அன்றைக்குத் தெரியும். அம்பத்தூர் பக்கத்தில் நம் மீட்பு நிலையத்தில் மோட்டார் மெக்கானிக்காகவே வேலையில் சேர்ந்து, மெக்கானிக்காகவே ஓய்வு பெற்றவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன். எல்லாம் தெரிந்தும், ஒரு மனுஷனை மூச்சுத் திணறத் திணற ஒன்றரை மணி நேரம் மாடியில் உட்கார வைத்தேன். அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். ஆவடியில் ரயில் ஏறும்போதே யாருடனாவது சண்டை பிடித்துவிட்டு வேலைக்கு வருகிறவன் என்று நிலையத்தில் எனக்குப் பெயர். இனிக்க இனிக்கப் பேச வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது வெள்ளம் வந்த டிசம்பர். மண்ணூர்பேட்டையில், தொழிற்பேட்டையை ஒட்டிய தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றது. நின்றது என்றா சொன்னேன்? ஓடியது. ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் குறுக்குத் தெரு வழியாக வேகமாக இழுத்துக்கொண்டு போனது. பட்டறைகளின் கழிவு ஆயில் மேலே மினுமினுவென்று மிதந்தது. எங்கள் ரப்பர் படகை வேனில் கொண்டுவந்து மெயின் ரோட்டில் இறக்கியபோது காலை பத்து மணி இருக்கும். வேன் டிரைவரை விட்டால் நாங்கள் மூன்று பேர். நிலைய அதிகாரி, நான், படகு ஓட்டுகிற ஏழுமலை.

அங்கே ஒரு பெண் எங்களுக்காகக் காத்திருந்தாள். பெயர் கோமதி. கழுத்து வரைக்கும் நனைந்திருந்தாள். விடியற்காலையில் தண்ணீர் மார்பளவு இருந்தபோது காம்பவுண்டு சுவர்களைப் பிடித்துப் பிடித்து நடந்து வெளியே வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு தண்ணீர் இன்னும் ஏறிவிட்டது, திரும்பிப் போக முடியவில்லை. அவள் புருஷன் ரவி, தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். செவ்வாய்க்கிழமை மழையில் போக முடியவில்லை. அன்று வியாழன்.

"காலெல்லாம் வீங்கிகினு கீது சார். படுத்தா மூச்சு அடைக்குதுன்னு நாற்காலியில குந்திகினு கீறாரு. ராத்திரி பூரா தூங்கல. அந்தா தெரியுதே பச்சை மாடி, அதான் எங்க ஊடு" என்று கையைக் காட்டினாள்.

பார்த்தோம். அரை கிலோமீட்டர்கூட இருக்காது. பச்சை மாடி தெரிந்தது. துடுப்புப் போட்டுப் போய்விடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். குறுக்குத் தெருவின் இழுப்பைத் துடுப்பால் தாண்ட முடியாது. முந்தின நாள் வேறொரு குழு முயன்று, ஒரு கம்பெனி கேட்டில் போய் மோதிப் படகைக் கிழித்துக்கொண்டது. மோட்டார் ஓடினால் பத்து நிமிடத்தில் போய் வரலாம். ஓடாவிட்டால் அந்த ஆள் நாற்காலியிலேயே போய்விடுவார். அவ்வளவுதான் கணக்கு. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும்.

நாள் முழுக்க வேலை இருக்குமென்று டேங்கை விளிம்பு வரை நிரப்பியிருந்தேன். ஏழுமலை மோட்டாரைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தான். இரண்டாவது இழுப்பிலேயே மோட்டார் பிடித்துக்கொண்டது. எனக்குப் பெருமை வேறு. நான் பராமரித்த மோட்டார் அல்லவா! நானும் அவனும் கிளம்பினோம். குறுக்குத் தெருவுக்குக் கொஞ்சம் முன்னால் மோட்டார் இருமியது, இளைத்தது, நின்றது. ஏழுமலை இழுத்தான், இழுத்தான், வரவில்லை. படகு பின்னால் தள்ளிக்கொண்டு வந்தது. மின்கம்பத்தைப் பிடித்து, சுவரைப் பிடித்து, எப்படியோ மெயின் ரோட்டுக்கே வந்து சேர்ந்தோம்.

நம் தொழிலின் சாபம் அங்கே ஆரம்பித்தது. ஒரு மோட்டார் நின்றால் சுற்றியிருக்கிற அத்தனை பேரும் மெக்கானிக் ஆகிவிடுவார்கள். அதிகாரி "சோக்கை இழுய்யா" என்றார். வேன் டிரைவர் "சோக்கைத் தள்ளு" என்றார். குடை பிடித்துக்கொண்டு நின்ற யாரோ ஒருவர் பைக்கைச் சாய்ப்பது போல மோட்டாரைச் சாய்க்கச் சொன்னார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? எல்லோரையும் நாலடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் சும்மா பார்த்திருக்க வேண்டும். நான் ஏழுமலை மேல் பாய்ந்தேன்.

"பத்து நாள் ட்ரெயினிங் போயி இன்னாடா கத்துகினு வந்தே? த்ராட்டிலை முறுக்கி முறுக்கியே கெடுத்துட்டியேடா!"

"அண்ணாத்தே, நான் ஒண்ணும் பண்ணல. இந்தப் பல்பு அமுங்கினா மாரி கீது, பாரு" என்றான் அவன்.

டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகிற குழாயின் நடுவில் ஒரு ரப்பர் பல்பு இருக்குமே, கிளம்புவதற்கு முன்னால் கையால் அமுக்கி அமுக்கி பெட்ரோலை ஏற்றுவோமே, அதைத்தான் சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. "வாயை மூடிகினு பிளக் ஸ்பானரை எடு" என்றேன்.

பிளக்கைக் கழற்றினேன். நனைந்திருந்தது. பின்னே, இத்தனை பேர் சோக்கை இழுத்துத் தள்ளினால் நனையாதா? துடைத்தேன், ஊதினேன், லைட்டரால் சூடு காட்டினேன். அதே நேரம் அதிகாரி, பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினார். கோமதி கண்ணை மூடிக்கொண்டு மாரியாத்தாளைக் கூப்பிட்டாள். பிளக்கை மாட்டி, நானே கயிற்றை இழுத்தேன். கிளம்பிவிட்டது.

இதைக் கவனமாகக் கேளுங்கள். மோட்டார் கிளம்பியது என் பிளக்கால் என்று நான் நினைத்தேன். தான் பெட்ரோலைப் பார்த்ததால் என்று அதிகாரி நினைக்கவில்லை, ஏனென்றால் பெட்ரோல் நிறையவே இருந்தது. தன் சாமியால் என்று கோமதி நினைத்தாள். ஒரே நேரத்தில் மூன்று பேர் மூன்று காரியம் செய்தோம். எதனால் கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து நின்று, "பிளக்குதான் சார். சொன்னேன்ல?" என்றேன்.

மறுபடியும் போனோம். மறுபடியும் அதே இடம். இருமல், இளைப்பு, நின்றது. இந்த முறை இழுப்பில் மாட்டிப் பக்கவாட்டில் போய் ஒரு வேப்பமரத்தில் இடித்தோம். ஏழுமலை தண்ணீரில் குதித்து, மரத்தைச் சுற்றிக் கயிறு போட்டு, அங்குலம் அங்குலமாகப் படகை இழுத்து வெளியே கொண்டுவந்தான். வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே, "அண்ணாத்தே, அந்தப் பல்பு..." என்று ஆரம்பித்தான்.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவன் அம்மாவையும் சேர்த்துச் சொன்னேன். தெருவே பார்த்தது.

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பச்சை மாடியிலிருந்து யாரோ ஒரு சிவப்புத் துண்டை ஆட்டினார்கள். ஆட்டுவதை நிறுத்தினார்கள். மறுபடி ஆட்டினார்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த கோமதியின் கைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டாள். "இதோ வந்துகினே கீறோம், நீ பேசாத, பேசாத" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். நான் கார்புரேட்டரைக் கழற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். கொட்டுகிற மழையில், நடுரோட்டில், குடைக்குக் கீழே கார்புரேட்டர்! அதில் இருக்கிற துண்டு துக்கடாவில் ஒன்று தண்ணீரில் விழுந்தால் அன்றைக்கு மட்டுமல்ல, அந்த வாரமே மோட்டார் கிடையாது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கோபம் வந்தவனுக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது கழற்றினால்தான் வேலை செய்கிற மாதிரி இருக்கும்.

ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன். கோமதி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், நில்லுய்யா. நான் தகடு அடிக்கிற ப்ரெஸ் கம்பெனில செக்கிங்ல கீறேன். காலையிலேர்ந்து பாத்துகினேதான் கீறேன். இந்தாளு ரெண்டு தபா ஏதோ சொல்ல வந்தான். ரெண்டு தபாவும் வாயிலயே அடிச்சே. மொதல்ல அவன் இன்னா சொல்றான்னு கேளு. கேட்டுட்டு அப்பால எத வேணா கழட்டு."

அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீயும் சும்மா இரு சார். என் புருஷன் அங்க கீறாரு" என்றாள்.

எனக்கு முகம் எரிந்தது. ரோட்டில் நாற்பது பேர் இருக்கும். ஒரு பெண் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். ஏழுமலையைப் பார்த்து, "சொல்லித் தொலை" என்றேன். அந்த நிலையிலும் அப்படித்தான் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல அண்ணாத்தே. மோட்டார் நிக்கும்போதெல்லாம் பல்பு சப்பையா ஒட்டிக்குது. அமுக்கினா திரும்ப எழுந்துக்க மாட்டேங்குது. அதான் சொன்னேன்."

குனிந்து பார்த்தேன். உறிஞ்சிப் போட்ட மாம்பழக் கொட்டை மாதிரி பல்பு ஒட்டிக்கிடந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும். டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போனால், போன இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். காற்று வராவிட்டால் கொஞ்ச நேரத்தில் டேங்க் பெட்ரோலை விடாது. டேங்க் நிரம்பி, உள்ளே காற்றே இல்லாமல் இருந்தால் இன்னும் சீக்கிரமே நின்றுவிடும். மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. பல்பு தானாக உப்பி எழுந்தது. அதிகாரி பெட்ரோலைப் பார்க்க மூடியைத் திறந்தாரே, அதனால்தான் அப்போது மோட்டார் கிளம்பியிருக்கிறது. என் பிளக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆனால் மூடியில் காற்றுத் திருகு இருக்கிறதே? அதைத் திறந்துதான் வைத்திருந்தேன். காலையிலேயே முதல் வேலையாகத் திறந்தேன். உங்கள் தாளில்கூட அது ஏழாவது வரி. திருகு திறந்துதான் இருந்தது. அதற்குக் கீழே காற்று போகிற துளைதான் அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். மஞ்சளாக, கெட்டியாக, சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. அதன்மேல் சிவப்பு. முகர்ந்தேன். பெட்ரோல் நாற்றத்தையும் மீறி வாசனை வந்தது.

சந்தனம். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு.

குத்தி எடுக்க மெல்லிய கம்பி வேண்டும். என் டூல் பெட்டியில் இல்லை. கோமதி தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். குத்திக் குத்தி எடுத்தேன். எடுக்க எடுக்க அடுக்கு அடுக்காக வந்தது. ஒரு வருடத்துப் பொட்டு இல்லை அது. பொட்டை அழிக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்று நம் ஆட்களுக்கு ஒரு எண்ணம் உண்டல்லவா? பழைய பொட்டைத் துடைக்காமல் அதன் மேலேயே புதுப் பொட்டு, அதன்மேல் அடுத்த வருடத்துப் பொட்டு. வட்டமான மூடி, நடுவில் சின்ன மேடு, பொட்டு வைக்கவென்றே செய்தது போல இருக்கும். ஒவ்வொரு வருடமும் திருகைச் சுற்றி வழித்து வைத்து, குங்குமமும் வைத்துக் கும்பிட்டவன் யார் தெரியுமா? ஏழுமலை இல்லை. அதிகாரி இல்லை. நான்.

சாமி கும்பிட்டதைத் தப்பு என்று சொல்லவில்லை. இன்றைக்கும் என் வீட்டு மிக்ஸிக்குப் பொட்டு வைக்கிறேன். என் ஆத்திரம் வேறு. வாரம் ஒருமுறை மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. நாங்கள் டிரம்மில் தண்ணீர் பிடித்து, மோட்டாரை அதில் இறக்கி, இரண்டு நிமிடம் ஓட்டுவோம். டேங்கில் அடியில் கொஞ்சம்தான் பெட்ரோல் இருக்கும். மீதியெல்லாம் காற்று. அப்படி ஓட்டினால் துளை அடைத்திருந்தாலும் இரண்டு நிமிடம் தாராளமாக ஓடும். உறுமியவுடன் நிறுத்திவிட்டு, 'பதினைந்து நிமிடம் ஓட்டப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். வாரா வாரம் போட்டேன். ஒரு வாரமாவது பதினைந்து நிமிடம் ஓட்டியிருந்தால் டிரம்மிலேயே நின்றிருக்கும், பல்பு டிரம்மிலேயே ஒட்டியிருக்கும், ஊக்கு அங்கேயே வந்திருக்கும். டீ ஆறிவிடும் என்பதற்காக நிறுத்தியவன் நான். அப்புறம் நடுரோட்டில் நின்றுகொண்டு இன்னொருவன் அம்மாவைத் திட்டியவனும் நான்தான்.

துளை விட்டது. மூடியைப் போட்டேன். "நீ இழு" என்று ஏழுமலையிடம் சொன்னேன். முதல் இழுப்பில் பிடித்தது. குறுக்குத் தெருவின் இழுப்பை வெட்டிக்கொண்டு படகு போனது. கோமதியையும் ஏற்றிக்கொண்டோம். வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். அவள் அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

பச்சை மாடியில் ரவி பிளாஸ்டிக் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கியது. பேச முடியவில்லை. நாற்காலியோடு தூக்கி, பாதிப் படிக்கட்டு வரை ஏறியிருந்த தண்ணீர் வரைக்கும் இறக்கி, படகில் வைத்தோம். போகவும் வரவும் சேர்த்து எட்டே நிமிட ஓட்டத்தில் மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டோம். எட்டு நிமிடம்! பத்து மணிக்கே அது எட்டு நிமிடம்தான். வேனில் ஏற்றும்போது அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நன்றி சொல்கிறார் என்று புரிந்தது. எனக்குக் கையை உதறிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

பிழைத்துவிட்டார். வானகரம் பக்கம் தண்ணீர் வடிந்திருந்ததால் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முதலில் தீவிரப் பிரிவில் வைத்து, பிறகு மெஷினில் போட்டார்களாம். இன்னும் ஒரு மணி நேரம் தாண்டியிருந்தால் தெரியாது என்றார்களாம். அதிகாரி தன் அறிக்கையில், 'நீரோட்டத்தின் வேகம் காரணமாகத் தாமதம் ஏற்பட்டது' என்று எழுதினார். என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தாளை முழுசாகப் படித்தேன், போட மாட்டேன் என்றேன். நடந்ததைத் தனியாக எழுதிக் கொடுத்தேன். ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடு அண்ணாத்தே" என்றான். ஆனால் அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதையும் தானாக வந்து சொன்னதே இல்லை. ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தத் தண்டனையை அனுபவித்தேன். ஒரு மெக்கானிக்கிடம் ஆட்கள் பேசப் பயந்தால், அவனுக்கு ஒரு காது போன மாதிரிதான்.

ஆகவே உங்கள் தாளில் நான் எதையும் சேர்க்கப்போவதில்லை. பதினான்கு வரியையும் செய்யுங்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைச் செய்யுங்கள், செய்து முடித்து என்ன ஆயிற்று என்று பார்த்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். கத்தத் தோன்றினால் தண்ணீரைப் பார்த்துக் கத்துங்கள், அது பதிலுக்கு எதையும் மறைக்காது. பக்கத்தில் இருப்பவன் எவ்வளவு கற்றுக்குட்டியாக இருந்தாலும், அவன் இரண்டாவது முறை ஒன்றைச் சொல்ல வந்தால் கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். பதினைந்து நிமிடம் என்று எழுதினால் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். ஓட்ட முடியவில்லை என்றால் இரண்டு நிமிடம் என்று எழுதுங்கள். மேலதிகாரி கத்தினால் கத்தட்டும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரவி உள்ளே மெஷினில் படுத்திருந்தார். கோமதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டாள். அந்தக் கும்பிடைத் தாங்க முடியாமல் அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம் வைத்தது நான்தான் என்றேன். வாரா வாரம் ஓட்டாமல் ஓட்டியதாக எழுதியதும் நான்தான் என்றேன்.

அவள் கை கீழே இறங்கியது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். குழாய்களில் அவள் புருஷனின் ரத்தம் மெஷினுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வாரத்துல மூணு தபா இத நம்பித்தான் அவரு படுத்துகினு கீறாரு. இதையும் ஓட்டிப் பாத்துட்டு யாராவது ஒருத்தன் கையெழுத்துப் போடுவான், இல்ல சார்?"

"ஆமாம்மா" என்றேன்.

"உன்ன மாரி ஒரு ஆளுதான?"

"ஆமாம்" என்றேன்.